யோசெப்பின் பிடித்த பூரணைப் பிழை

கொட்டாஞ்சேனை யோசெப்பின் அன்ரியிடம் பங்குச் சந்தையைப் பற்றி வாய் கொடுப்பவர்கள் ஒருமுறைதான் கொடுப்பார்கள். இருபத்தாறு வருடம் ஒரு தரகர் கந்தோரில் விலை எழுதியவர். முதலில் கரும்பலகையில், பிறகு கணினியில். எந்தக் கொம்பனியின் பங்கு ஒரு நாளில் எவ்வளவு கைமாறும் என்பது அவருக்குத் தன் வீட்டு அடுப்படி போலத் தெரியும். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே வெள்ளவத்தை ஹம்சிகா வந்து அவரைத் தன் சின்னக் கந்தோருக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஹம்சிகா மென்பொருள் எழுதுகிறவள். அவளுடைய மென்பொருள் பங்கு விலைகளை வரைபடமாகக் காட்டும். சந்தை முழுவதையும் சலித்து, எந்தப் பங்கில் திடீரென்று கொள்வனவு கூடுகிறது என்று பட்டியலும் போட்டுத் தரும். அதில் பிழை பார்ப்பது யோசெப்பினின் வேலை. பிழை பார்ப்பதென்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, பழைய தரகர் நிறுவனமொன்றின் முதலாளி நாகேந்திரம் அந்த மென்பொருளைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வாங்கினால் ஹம்சிகாவின் கந்தோர் பிழைக்கும். இல்லாவிட்டால் மாத முடிவில் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஒன்பதரைக்குப் பட்டியலைத் திறந்த யோசெப்பின் நெற்றியைச் சுருக்கினார். பதினொரு கொம்பனிகளில் கொள்வனவு எகிறியிருக்கிறதாம். அதிலொன்று, ஒருவரும் எட்டிப் பார்க்காத றப்பர்த் தோட்டக் கொம்பனி.

"சுத்தப் பொய்," என்றார்.

போன வாரத்தை நாள் நாளாகத் தட்டிப் பார்த்தார். வியாழனைக் காணவில்லை. வெள்ளி இருந்தது, கொள்வனவு பூச்சியமாக.

"மகள், பூரணைப் போயா லீவை எதைப் பார்த்துப் போட்டீங்க?"

"சுவரில இருக்கிற கோயில் கலண்டரைப் பார்த்துத்தான், அன்ரி. வியாழன் பூரணை."

"கோயிலுக்கு வியாழன். கவர்மெண்ட் லீவு வெள்ளி. வியாழன் சந்தை நடந்தது, நான் பார்த்தேன்."

நடந்த நாளை மென்பொருள் தூக்கி எறிந்துவிட்டு, மூடிய நாளைப் பூச்சியமாகக் கணக்கில் எடுத்திருந்தது. போன வாரச் சராசரி இறங்கிவிட்டதால், திங்கள் நடந்த சாதாரண வியாபாரமே பெரிய பாய்ச்சலாகத் தெரிந்தது. ஹம்சிகாவின் முகம் செத்துப்போயிற்று.

"இந்த லிஸ்ட்டைக் காட்டாம விடுவம் அன்ரி. இண்டைக்குப் பிடிக்காமப் போனா அவர் திரும்பி வரமாட்டார்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்க ஏலாது. முப்பது வருஷம் சந்தையில நிக்கிற மனுஷன். நான் கதைக்கிறேன், நீங்க பேசாம இருங்க."

நாகேந்திரம் வந்து உட்கார்ந்ததும், தேநீருக்கு முன்பே யோசெப்பின் பட்டியலைத் திரையில் போட்டார்.

"சேர், இதை நம்பி ஒண்டும் வாங்க வேணாம். எங்கட பிழை."

காரணத்தைச் சொன்னார். அவர் கண்முன்னாலேயே விடுமுறையை வெள்ளிக்கு மாற்றி மறுபடி சலித்தார். பதினொன்று இரண்டாகக் குறைந்தது. ஹம்சிகா மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

நாகேந்திரம் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். மிஞ்சிய இரண்டில் ஒன்று, அவரே நேற்றிலிருந்து கண் வைத்திருந்த பங்கு.

"நாலு பேர் இதுமாதிரிச் சாமான் விக்க வந்தவங்கள். எங்க பிழை வரும் எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை," என்றார். "மூண்டு கிளைக்கும் எடுக்கிறன். ஆனா ஒரு நிபந்தனை. சந்தேகம் வந்தா இந்த மிஸ்ஸோடதான் கதைப்பன். அவட நம்பரை ஒப்பந்தத்தில போடுங்கோ."

ஹம்சிகா பேனையோடு ஒப்பந்தத்தை எடுத்து விரித்தாள். யோசெப்பின் அவள் கையிலிருந்த பேனையை வாங்கி, தன் நம்பரைத் தானே எழுதினார்.

"எந்த நேரமும் எடுங்க சேர். ஞாயிறு சேர்ச்சில பூசை நேரம் மட்டும் எடுக்கப்படாது."