ஒன்பதாம் ஸ்தலத்தில் நின்றுபோன பாட்டு

சந்தவாசலுக்கு மேற்கே, மலையடியில் எங்கள் ஊர். பெரிய வெள்ளியன்று காலையில் மலைப்பாதையில் ஏறிக்கொண்டே சிலுவைப்பாதை செய்வது எங்கள் வழக்கம். இயேசு சிலுவை சுமந்ததை நினைவுகூரும் பதினான்கு ஸ்தலங்களுக்கும் பாதையோரம் மரச்சிலுவை நட்டிருப்போம். ஒவ்வொன்றிலும் முழங்காலிட்டு ஜெபம். அடுத்ததற்குப் போய்ச் சேரும்வரை ஒரே ஒப்பாரிப் பாட்டு. அதை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். எனக்கு நல்ல குரல் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் என் ஆறு வயது மகளையும் அழைத்துப் போனேன். அவள் அப்பா இறந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது, வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. ஒரு கையில் மைக், மறு கையில் அவள். ஒன்பதாம் ஸ்தலத்தில் முழங்காலிடும்போது கும்பிடுவதற்காக அவள் கையை விட்டேன். எழுந்து பார்த்தால் பிள்ளை இல்லை.

பின்னால் நின்றவர்களைக் கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. பாதைக்கு ஒரு பக்கம் கிடுகிடு சரிவு, மறுபக்கம் ஆள் உயரத்துக்கு, பெரியவர்கள் நுழைய முடியாத உண்ணிச்செடி முள்புதர். புளி பொறுக்க வந்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, "விடியகாலையிலதான் இந்தப் பக்கம் கரடி எறங்குச்சும்மா" என்றாள். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

ஆண்கள் சரிவில் இறங்கித் தேடப் போனார்கள். நானும் ஓடப்போனேன். முன்னால் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார் என்னைத் தடுத்தார்.

"நீ இங்கியே நின்னு பாடினே இரும்மா. ஒன் கொரல் கொழந்தைக்குத் தெரியும். சத்தத்த வச்சி வந்துடும்."

பாடினேன். கூடவே தூக்கி வந்த ஸ்பீக்கர் பெட்டியைப் புதர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். மலை முழுக்க என் குரல் கேட்டது. ஆண்டவரே, ஒருத்தரை எடுத்தது போதாதா என்று உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டே, வாயால் அவர் பட்ட பாடுகளைப் பாடிக்கொண்டிருந்தேன். ஜெபம் வரவேயில்லை. பயம்தான் வந்தது. அரைமணி நேரம் போயிற்று. சரிவிலிருந்து ஏறி வந்த ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அத்துடன் பாட்டு நின்றுவிட்டது. கையில் மைக் இருந்தது நினைவிலேயே இல்லை.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? கைய வுடாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? இப்ப வர்றியா, இல்ல நான் வந்து தோல உரிக்கட்டுமா?"

பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு முன்னால் இப்படிப் பேசியவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தடி தள்ளிப் புதர் அசைந்தது. கவுன் முழுக்க முள்ளோடு அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை வாரி அணைத்துக்கொண்டேன்.

"நான் பாடினது கேக்கலியாடி?"

"கேட்டுச்சி."

"அப்புறம் இன்னாத்துக்கு வரல?"

"அப்பாவத் தூக்கினு போவும்போது பாடுன பாட்டும்மா அது. நீ நிறுத்தனப்புறம் வரலாம்னு இருந்தேன்."

எங்கள் ஊரில் தவக்காலத்துக்கும் அந்தப் பாட்டுதான், கல்லறைக்குப் போகும்போதும் அந்தப் பாட்டுதான். அது அங்கே நின்றிருந்த எல்லாருக்கும் தெரியும். உபதேசியார் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

அதற்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் வீட்டில் இதைத்தான் பாடிப் பழகியிருந்தேன். நான் வாயைத் திறந்தாலே அவள் வெளியே ஓடிவிடுவாள். விளையாட்டுப் புத்தி என்று திட்டுவேன். ஒரு நாள் கதவைத் தாழ்போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, முழுப் பாட்டும் மனப்பாடம் ஆகும்வரை பாட வைத்தேன். அழுதுகொண்டே பாடினாள். பிள்ளைக்கு உருக்கம் நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.