அண்ணனுக்கு நான் எழுதிய முகம்

திண்டுக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் வடிவமைப்பது என் வேலை. முன்பெல்லாம் இணையத்தில் படம் தேடி ஒட்டுவோம். இப்போது ஏஐயிடம் எழுதிக் கேட்டு வாங்குகிறோம். அப்படி எழுதுவதற்குப் பெயர் ப்ராம்ப்ட். மயில் என்று மட்டும் எழுதினால் ஏதோ ஒரு மயில் வரும். தோகை விரிந்திருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று விலாவாரியாக எழுதினால்தான் நமக்கு வேண்டிய மயில் கிடைக்கும். நாம் எழுதாமல் விட்டதை அது தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். இந்த வேலை எனக்கு நன்றாகக் கைவந்த பிறகுதான், இதை வைத்து அண்ணனைத் தேடலாம் என்று தோன்றியது.

அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன். ஒரு பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் போன் அணைந்தே கிடந்தது. அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். போலீசில் புகார் கொடுத்தோம். எட்டு வருடம் ஓடிவிட்டது. அப்பா முன்பே இறந்துவிட்டார். செம்பட்டி பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா விடியுமுன் மல்லிகை பறிக்கப் போவாள், நான் பஸ் பிடித்துக் கடைக்குப் போவேன்.

அண்ணன் படமென்று எங்களிடம் மிஞ்சியது, ப்ளஸ் டூ படிக்கும்போது எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றுதான். மீசை சரியாக முளைக்காத முகம். அதைக் காட்டினால் இன்றைக்கு யாருக்கு அடையாளம் தெரியும்? அதை ஏஐயிடம் கொடுத்து, இப்போதைய வயதில் எப்படி இருப்பான் என்று ஒரு படம் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முப்பது வயது, தமிழ்நாட்டு ஆண் என்று முதலில் எழுதினேன். சினிமா கதாநாயகன் போல வெள்ளையாக ஒருவன் வந்து சிரித்தான்.

"இது யாரு? கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கான்" என்றாள் அம்மா.

நிறத்தை எழுதினேன். நெற்றியை எழுதினேன். சைக்கிளிலிருந்து விழுந்து இடது புருவத்தில் வந்த வெட்டுத் தழும்பை எழுதினேன். தழும்பு ஒரு தடவை வலது புருவத்தில் வந்தது, ஒரு தடவை வரவே இல்லை. அதோடு மல்லுக்கட்டியதெல்லாம் பெரிதில்லை. உடம்பு எப்படி இருக்கும் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

"சாப்ட்ட மொகமாப் போடு. கன்னம் கொஞ்சம் பூசுனாப்புல இருக்கட்டும்."

"நல்லா இருக்குற ஆளு ஏம்மா வீட்டுக்கு வராம இருக்கான்?"

அம்மா எழுந்து வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்ப எப்பிடி இருப்பாங்கிற?"

நான் வாயால் சொல்லவில்லை, தட்டச்சு செய்தேன். ஒட்டிய கன்னம். வெயிலில் கருத்த தோல். வெட்டாத தாடி. எண்ணெய் காணாத தலைமுடி. நைந்த காலர். தூக்கமில்லாத கண்கள். ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் அவனுக்கு நானே ஒரு கஷ்டத்தைக் கொடுப்பதுபோல இருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னாள். கண்களைப் பற்றி எழுதியதை விட்டுவிட்டு வாசித்தேன்.

படம் வந்ததும் அம்மா கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"பசியோட பாக்குறான்" என்றாள். போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு அதை என் பக்கம் தள்ளி, "அனுப்பு" என்றாள்.

இது கம்ப்யூட்டர் போட்ட படம் என்றும், இடது புருவத் தழும்பைப் பற்றியும் கீழே எழுதி, படத்திலேயே என் போன் நம்பரையும் போட்டு அனுப்பினேன். படம் குழு குழுவாகப் போனது. போகப் போக நான் எழுதியது உதிர்ந்து படம் மட்டும் சுற்றியது. வந்த அழைப்புகள் பலவும் வீண். பிறகு பழனி அடிவாரத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்க அனுப்புன படத்துல இருக்கறவரு எங்க கடைகிட்டதானுங்க படுத்துக்கறாரு. அச்சா அதே ஆளுங்க."

அவர் போட்டோ அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே தாடி, அதே கன்னம், காலர்கூட அப்படியே நைந்திருந்தது. முடி விழுந்து புருவத்தை மறைத்திருந்தது. நாளைக்குக் காலையில் வருகிறோம் என்றேன்.

அம்மா விடியலில் பூவுக்குப் போகாமல் சமைத்தாள். சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்கவில்லை.

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். குளித்துத் தலை சீவியிருந்தார். கடைக்காரர் கொடுத்த சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்து நின்ற விதத்திலேயே இது அண்ணன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா நிற்காமல் நேரே போனாள். அவர் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கி இடது புருவத்தைப் பார்த்தாள். வலது புருவத்தையும் பார்த்தாள். அவள் கை அங்கேயே நின்றது.

"எங்கம்மா வருவாங்கன்னு சொன்னாங்க. நீங்கதானா?" என்று கேட்டார் அவர்.

"இல்லப்பு. நான் வேற ஒருத்தனோட ஆத்தா."

"சரிங்கம்மா" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

டீக்கடைக்காரர் என்னிடம் வந்தார். "படத்தப் பாத்தா அப்படியே இருந்துச்சுங்களே. அம்மா வர்றாங்கன்னு நாந்தானுங்க வாய விட்டுட்டேன். நேத்துலருந்து ரெண்டு தடவ குளிச்சுட்டாருங்க."

எந்த ஊர் என்று அவரிடம் கேட்டேன். ரயிலில் வந்ததாகச் சொன்னார். பெயரைக் கேட்டதற்குச் சிரித்தார். அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து இலையில் சோறு போட்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நாங்கள் கிளம்பும்போது, "திரும்ப வருவீங்களா?" என்றார்.

"வாரேன்யா" என்றாள் அம்மா.

பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை அவள் காலித் தூக்குச்சட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு, "அவனப் பெத்தவளும் எங்கயாச்சும் தேடிக்கிட்டுத்தான இருப்பா" என்றாள். "அந்தப் படத்த எடுத்துரு."

என் கைக்கு எட்டிய இடத்தில் எல்லாம் அழித்தேன். மற்றவர்கள் அனுப்பியதை என்னால் என்ன செய்ய முடியும்? அந்த மனிதரைப் பற்றிப் பழனியில் ஒரு காப்பகத்துக்குப் போன் செய்தேன். பார்க்கிறோம் என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடியும் சோறு கட்டினாள். அங்கே பெஞ்சு காலியாக இருந்தது.

"நீங்க போன மறுநாளே பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்துக்கிட்டாருங்க. அம்மா பஸ்ஸுலதான் வருவாங்கன்னு சொன்னாருங்க. அப்புறம் ஆளையே காணோமுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், கிரிவலப் பாதை என்று சாயங்காலம் வரைக்கும் அலைந்தோம். தாடி வைத்த ஒவ்வொருவரையும் அம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள். கொண்டுபோன சோறு ஊசிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும், டீக்கடைக்காரர் எடுத்த போட்டோவை எல்லாருக்கும் அனுப்பச் சொன்னாள். இந்தத் தடவை நான் எழுதி வரவழைக்க எதுவும் இல்லை, உள்ளபடி ஒரு மனிதரின் முகம். பெயர் தெரியவில்லை, பழனியில் காணாமல் போனார் என்று மட்டும் கீழே போட்டேன்.

பதில்கள் சீக்கிரமே வந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. இந்தப் படம் முன்னாடியே வந்துவிட்டதே என்றார்கள். இன்னுமா உங்கள் அண்ணன் கிடைக்கவில்லை என்று கேட்டார்கள். இது அவனில்லை, இவர் வேறு என்று ஒவ்வொருவருக்கும் எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.