பிள்ளைக் காம்பிராவில் ஓர் அடுப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்கு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் பின்சுவரை மண் தள்ளிவிட்டது. மறுநாள் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் குடை பிடித்துக்கொண்டு வந்து, ஆறு குடும்பத்தையும் பழைய பிள்ளைக் காம்பிராவுக்குப் போகச் சொன்னார். கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன நீள மண்டபம் அது; புதியது கட்டிய பிறகு சும்மா கிடந்தது.

"டெம்பரரிதானே, சமாளிச்சுக்கங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். றக்வான மலையில் எங்கள் டிவிஷனில் இங்கிலீசு அகராதி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடை மாட்டியவள். பேச்சு எங்கே கிடைத்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். அந்த அகராதியும் டவுன் கடைக்கார நானா சாமான் சுற்ற வைத்திருந்த காகிதக் கட்டிலிருந்து கேட்டு வாங்கியதுதான். சாக்குக்குள் நனையாமல் கிடந்ததை எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.

"கொஞ்ச நாளைக்குனு அர்த்தம்மா."

"அப்பன்னா உள்ள அடுப்பு போட வேணாம்."

எங்கள் ஆட்கள் ஓரிடத்தில் மண் குழைத்து அடுப்புப் போட்டால் அங்கே குடிபுகுந்துவிட்டார்கள் என்று பொருள். காம்பிரா மாறினால்கூட முதல் வேலை அடுப்பு. அதில் பால் பொங்கிய பிறகுதான் பாய் விரிப்பது. அம்மா குடிபுக நினைத்த இடம் வேறு. மேல்மலையில் புல் வெட்டி, வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் அளந்து, தோட்டத்தை நடத்துகிற தொரை எல்லைக்குக் குச்சி அடிக்கச் சொல்லியிருந்தார். மூன்றாவது குச்சி எங்களுடையது. தன் அடுப்பு அங்கேதான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அதுவரை வெளியே கூரை ஓரத்தில் மூன்று கல், மேலே ஒரு தகரம். எங்கள் பக்கத்து மழை தகரத்துக்கு அடங்குகிற மழையா? ஈரவிறகை ஊதி ஊதி அம்மாவுக்கு இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டது. மற்ற ஐந்து குடும்பமும் ஒரு வருஷத்துக்குள் உள்ளே அடுப்புப் போட்டுக்கொண்டன. உரச்சாக்கு மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து அக்கா கேட்பாள்.

"என்னங்க பெரியம்மா, இன்னும் பயணத்துலதான் இருக்கீங்களா?"

"ஆமா, வண்டி வரல" என்பாள் அம்மா.

இதற்குள் கிளாக்கர் சொன்ன அந்தச் சொல் ஊரில் நன்றாக வேர் பிடித்துவிட்டது. கடிதங்கள் டெம்பரரி லயம் என்ற முகவரிக்கே வந்தன. பஸ் கண்டக்டர், "டெம்பரரி பஹின அய எண்ட" என்று சிங்களத்தில் எங்களை இறங்கக் கூப்பிடுவான். அங்கேயே பிறந்த பக்கத்து அக்காவின் மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள், வீடு எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "டெம்பரரி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரும் சிரித்தோம். அம்மா எழுந்து வெளியே போய் நெருப்பை ஊதினாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேல்மலைக்குப் போய்விடுவாள். குச்சியைச் சுற்றிப் புல் பிடுங்குவாள். அந்தக் குச்சி உளுத்ததும் வேலிக்கு நடுகிற கிளிரிசீடியாக் கம்பு ஒன்றை அந்த இடத்தில் ஊன்றினாள். அது தளிர்த்து மரமாகி, அம்மாவுக்கு நிழல் கொடுத்தது. வீடுதான் வரவில்லை.

ஏழாவது வருஷம் புதுத் தொரை வந்தார். அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனபோது மரம் இல்லை. தேயிலைக் கன்று வைக்க வரிசையாகக் குழி வெட்டியிருந்தது.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போனேன். அதே பெரிய கிளாக்கர்தான்.

"அந்த வீட்டு லிஸ்ட் பழைய தொரை போட்டதும்மா. இங்க இல்ல."

"அப்ப நாங்க, ஐயா?"

"இருக்கிற எடத்துலயே இருங்க. யாரு உங்கள வெளிய போகச் சொன்னா?"

நான் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டதும் அம்மா எழுந்தாள். தண்ணீர் பிடிக்கிற பேசினை எடுத்துக்கொண்டு மேல்மலைக்குப் போனாள். தன் குச்சி நின்ற இடத்துக் குழியிலிருந்து சிவப்பு மண்ணை நிறைத்து, தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக் காம்பிராவில் எங்கள் மூலையைக் கூட்டிவிட்டு, உட்கார்ந்து பிசையத் தொடங்கினாள்.

"நான்தாம்மா தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

"நீ புஸ்தகத்துல உள்ளதத்தானே சொன்ன. தண்ணிய ஊத்து புள்ள."

மறைப்பை விலக்கிப் பார்த்த பக்கத்து அக்கா பழைய கேலியைத்தான் எடுத்தாள். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"வண்டி வந்துருச்சா, பெரியம்மா?"

"வந்துச்சு. எறக்கி விட்டுட்டுப் போயிருச்சு" என்றாள் அம்மா, அடுப்பின் வாயை விரலால் வழித்தபடி.

மண் காய மூன்று நாள் பிடித்தது. அதுவரை வெளிக்கல்லில் சமைத்தோம். டெம்பரரி என்றால் கொஞ்ச நாளைக்கு என்று அகராதி பார்த்துச் சொன்னேனே, எங்களுக்கு அந்தச் சொல் மெய்யானது அந்த மூன்று நாள் மட்டும்தான்.