சுபா கழுவிய பலகைத் தரை

பச்சை ஓக் மரத்துக்கு ஒரு புளித்த மணம் இருக்கு... மோர்ச்சட்டியைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அப்படி. இன்றைக்கு வேலையிடத்தில் லொறியால் மரம் இறக்கினார்கள். அந்த மணம் மூக்கில் ஏறினதும் ஒரு பழைய குளிர்காலம் முழுதாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நான் சுவிசில், லாங்கன்தாலில் ஒரு தச்சுக் கம்பனியில் சேர்ந்த புதிசு. மார்கிரெத் என்று ஒரு சுவிஸ்காரப் பெண்மணி வந்தார். கலியாணம் கட்டி அமெரிக்காவில் இருந்தவர், கணவர் தவறின பிறகு தனியாகத் திரும்பி வந்திருந்தார். அவருக்கு ஒரு வீடு வேணும். இங்கிலாந்துக்காரர் கப்பலேறி அமெரிக்காவில் போய் இறங்கின காலத்தில் கட்டின வீடு இருக்கே, அச்சொட்டாக அதே மாதிரி.

கட்டினோம்! ஓக் தூண்கள், விட்டங்கள், ஆணிக்குப் பதில் மர முளைகள். சுவருக்குக் களிமண்ணும் வைக்கோலும். ஆள் நிமிர்ந்து உள்ளே நிற்கக்கூடிய கணப்படுப்பு. தரைக்கு அகலமான பைன் பலகை, வார்னிஷ் ஒரு சொட்டும் இல்லை.

தளபாடமும் அந்தக் காலத்துப்படிதான். நீட்டு மேசை, சுற்றி இருக்க முதுகில்லாத வாங்குகள், ஒரு மரப்பெட்டி, கயிறு கட்டின கட்டில், அதில் வைக்கோல் மெத்தை. சாய்ந்திருக்கக் கதிரை ஒன்றே ஒன்று. அந்த நாளில் வீட்டுத் தலைவருக்கு மட்டும்தான் கதிரையாம், மற்றவர்களுக்கு வாங்குதானாம்.

பச்சை மரமும் ஈரக் களிமண்ணும் மெதுவாகக் காயவேணும். குளிர்காலம் முழுக்க யாராவது அங்கே இருந்து, நெருப்பை அணையவிடாமல் பார்க்கவேணும். மார்கிரெத் மகளிடம் அமெரிக்கா போகிறார். எங்கள் ஷெஃப், கம்பனி முதலாளி, என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் கலியாணம் முடித்து, இரண்டு நண்பர்களோடு இருந்த வீட்டில் ஒரு அறையில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். வாடகை இல்லாத தனி வீடு என்றதும் தலையை ஆட்டிவிட்டேன்.

மனைவி சுபாவிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு மாதமாக ஓம், இல்லை தவிர வேறு கதையே இல்லை. ஒருநாள் மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

“எனக்கு இஞ்ச சரிவராது. பங்குனி மட்டும் பாப்பன். பிறகு நான் அம்மாட்டைப் போயிடுவன்.”

அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். சுற்றிப் பார்த்தாள். நேரே போய் அந்த ஒற்றைக் கதிரையில் ஏறி இருந்துவிட்டாள். வீட்டுத் தலைவர் யார் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் காஸ் குக்கர், மைக்ரோவேவ் எல்லாம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. இங்கே சமையலும் கணப்படுப்பில்தான், முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் புகை. ஒருநாள் ஊதி ஊதிக் களைத்துப்போய் சிரிக்கத் தொடங்கினாள்... நான் கண்ட முதல் சிரிப்பு அது. சுவிசுக்கு வந்து விறகடுப்பு ஊதுகிறேன் என்றால் அம்மா நம்பமாட்டா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. சூடு இருந்தது கணப்படுப்பு இருந்த அந்த ஒரு அறையில்தான். கோபித்துக்கொண்டு எழும்பிப் போக வேறு இடமும் இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். பொங்கல் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? வீடு கழுவுவார்கள். சுபாவும் கழுவியிருக்கிறாள். மஞ்சள் தண்ணீர் வாளி வாளியாக ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் தேய்த்து.

அடுத்த நாள் கணப்படுப்பில் பொங்கல் பொங்கியது. தரையும் பொங்கியது! தண்ணீர் குடித்த பலகைகள் ஓரம் தூக்கி, ஓட்டுக்கூரை மாதிரி வரி வரியாக நின்றன. மேசை ஆடியது. கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை.

சுபா அழுத அழுகை... “என்னால உங்கட வேலையும் போகப்போகுது. பங்குனி மட்டும் ஏன், நான் இப்பவே போறன்.”

எனக்கு வேலை போனால் வேறு தேடலாம். இவள் போய்விட்டால்? ஷெஃப் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். மார்கிரெத் வந்துதான் சொல்லவேணும் என்றார். அவர் வரும்வரை நிற்கச் சொல்லி சுபாவைக் கெஞ்சினேன்.

பங்குனியில் அவர் வந்தார். அதற்குள் பலகைகள் கொஞ்சம் படிந்திருந்தன, முழுதாக இல்லை. வாசலில் நின்று பார்த்தவர், சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு நடந்தார். கண் கலங்கியிருந்தது. அமெரிக்காவில் கணவரின் பழைய குடும்பவீட்டிலும் தரை இப்படித்தான் காலில் ஏறி இறங்குமாம். இங்கே எல்லாம் நேராக இருக்க, மியூசியத்தில் குடியிருக்கப் போகிறேனோ என்று பயந்துபோய் இருந்தாராம்.

யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல், “நான்தான்” என்று சுபா ஜெர்மனில் சொன்னாள். அவள் வெளியாளோடு பேசிய முதல் ஜெர்மன் அது.

நண்பர்களோடு இருந்த பழைய அறைக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றோம். சுபா மெல்லக் கேட்டாள்.

“இவ வாற மார்கழிக்கும் அமெரிக்கா போவாவோ?”

எனக்கு அந்த பஸ்ஸையே கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு. தரைக்குக் கீழே ஹீட்டிங், கூட்டுவதும் நிறுத்துவதும் எல்லாம் போனில். நான்கு பேர், நான்கு அறை, நான்கு கதவும் சாத்தினபடி. குறை சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம்.

ஆனால் ஒவ்வொரு தை மாதமும் ஒரு ஞாயிறு மட்டும் அறைகளில் ஹீட்டிங் வேலை செய்யாது. ஹோலில் மட்டும் செய்யும். பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு முணுமுணுத்தபடி ஹோலுக்கு வருவார்கள். டெக்னீஷியனைக் கூப்பிடச் சொல்லி மகன் கத்துவான்.

சுபா போனைக் குப்புற வைத்துவிட்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள்.