சிவப்பு அடங்கிய கன்னம்

பியூலாவின் நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது கார்க் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தம்பி சாம்சனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்றை அன்று நான் சொல்லவில்லை. சாம்சனிடம் கேட்டுக்கொண்டு அதை இங்கே, நம் சபை இதழில் எழுதுகிறேன்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் அலுவலகத் தொலைபேசியில் வந்தது. "அக்கா போயிட்டாங்க" என்றார் சாம்சன். எப்போது என்று கேட்டேன். ஆறரைக்கு என்றார்.  இருவராலும் போனை வைக்க முடியவில்லை.

உங்களில் பலர் அவளை ஞாயிறு மாலைத் தமிழ் ஆராதனையில் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் மாதம் முதல் பாட்டுக்கே வந்துவிடுவாள். ஜூன் மாதம் எல்லாம் முடிந்து இலை போடும் நேரத்தில்தான் வருவாள். "சோத்துக்கு மட்டும் கரெக்டா வாராளேன்னு பாஸ்டர் நெனைப்பாரு" என்பாள். வெயில் இறங்காமல் அவள் வெளியே வர முடியாது என்பது பாஸ்டருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியாது. கலர் கெடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னவர்களும் உண்டு.

வெயில் தோலுக்குள் செய்யும் சேதத்தை நம் உடல் நாள்தோறும் தானே பழுதுபார்த்துக்கொள்கிறது. பியூலாவின் உடலுக்கு அந்த வேலை தெரியாது. பிறவியிலேயே அப்படி. அவள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த ஒரு குறை அவளிடம் வந்து சேர்ந்தது, சாம்சனை விட்டுவிட்டது. ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அந்தப் பெயரை அவள் பாளையங்கோட்டைப் பேச்சில் ஒரு பெரியப்பாவின் பெயர்போலச் சொல்வாள்.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீடுகளுக்கு இடையே இரண்டு தெரு. ஹூஸ்டனில் ஒரே கட்டடத்தில் வேலை. அவள் காரில்தான் போவோம், ஏனென்றால் அதன் கண்ணாடிகளில்தான் ஒளியைத் தடுக்கும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஒருமுறை அதற்காகப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையுறை, முகத்தைச் சுற்றித் துணி என்று வங்கிக் கொள்ளைக்காரிபோல உட்கார்ந்திருந்த பியூலா, டாக்டர் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டு இரண்டடி பின்னால் போனார். அப்பா அம்மாவிடமிருந்து மட்டும்தான் ஒட்டும் என்றாள். நான் கூட்டத்தில் சொன்னது இதைத்தான்.

சொல்லாதது இது.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு ஜனவரியில் நான் திருச்சிக்குப் போனேன். ஊருக்குப் போகிறவளிடம் எல்லோரும் பட்டியல் கொடுப்பார்கள். அவள் பட்டியலில் ஒரே ஒரு பொருள்: நம் ஊர் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் ஒரு தோல் களிம்பு, ஆறு ட்யூப். நம் வீடுகளில் பலவற்றில் அது இருக்கிறது. அரிப்புக்கும் பருவுக்கும் நிறத்துக்கும் பூசுகிறோம். அச்சடித்த எதையும் படிக்கும் பழக்கம் எனக்கு. விமானத்தில் அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளையும் படித்தேன். ஸ்டீராய்டு, சிவப்பையும் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும், முகத்தில் நெடுநாள் பூசக் கூடாது என்று இருந்தது. ட்யூப்களை அவளிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அடுத்தவர் மருந்தைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை என்று வளர்ந்தவள் நான்.

முன்பெல்லாம் எங்காவது கொஞ்சம் வெயில் பட்டால் அவள் முகம் சிவந்து வீங்கி அடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த வசந்தத்தில் இரண்டே நாளில் அடங்கியது.

மே மாதம் தோல் டாக்டரிடம் போனபோது என்னையும் உள்ளே கூப்பிட்டாள். அவர் காதுக்கு முன்னால் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். எங்களுக்குப் புரியும்படி சொன்னார். சிவப்பும் வீக்கமும் சேதம் நடந்திருப்பதற்கு அடையாளம். அதே வெயில், கெட்டுப்போன உயிரணுக்களைத் தேடி அழிக்கும் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும்; இந்த நோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் எளிதாக நடக்கும். அதனால், எவ்வளவு வெயில் பட்டது என்று அறியச் சிவப்பைத்தான் அவர் கவனித்து வருவதாகச் சொன்னார். பிறகு, முகத்தில் வேறு ஏதாவது பூசுகிறாயா என்று கேட்டார்.

சன்ஸ்கிரீன் மட்டும்தான் என்றாள் பியூலா.

நான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவள் தொப்பி. அவர் திருப்தியோடு தலையாட்டி, ஜாக்கிரதையாக இருந்திருக்கிறாய், மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்.

காரில் ஏறியதும், "தேங்க்ஸ்ட்டி. நீ எதையாவது சொல்லிருவியோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாள்.

"அது உன் விஷயம்" என்றேன்.

"அதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது."

ஆறு வாரம் கழித்து, அலுவலகத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் அவள் முகத்துணியை அவிழ்த்தபோது காதுக்கு முன்னால் பயறளவு தடிப்பைப் பார்த்தேன். மேலே பொருக்கு. டாக்டரிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். உன் வேலையைப் பார் என்றாள். அதன்பின் எட்டு நாள் நான் வேலைக்குத் தனியாகப் போனேன். வாசலில் கார் திரும்பும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும்.

ஒன்பதாம் நாள் அவளே காரோடு வந்து நின்றாள். முந்தின நாள் டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"கத்தினாரா?"

"இல்ல. கத்திருந்தா நல்லாருந்திருக்கும். நாளைக்கே வான்னுட்டாரு. இப்ப அங்கதான்."

காரை ஃப்ரீவேயில் ஏற்றினாள். பிறகு சொன்னாள்: "செவந்தா எல்லாரும் என்னாச்சுன்னு கேக்காங்க. ஆஃபீஸ்ல, சர்ச்சுல, இந்தியன் ஸ்டோர்ல. அந்த மூணு நாலு மாசம் ஒருத்தரும் கேக்கல. எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

தெரியும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அந்தத் தாளை விமானத்திலேயே படித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். வெளியேறும் பாதைக்கு விளக்குப் போட்டுக்கொண்டே, "அடுத்த தடவ கேட்டுருட்டி. நான் சண்ட போடுவேன். போட்டா போட்டுட்டுப் போறேன். நீ கேட்டுரு" என்றாள்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சொல்தான். இப்போது நான் கேட்டுவிடுகிறேன். சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் வாய் திறக்காத அந்த ஆறு வாரம் எதையாவது மாற்றியதா என்று பிறகு ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன். களிம்பு இல்லாமலும் அவளுக்கு அந்தப் புற்று வந்திருக்கக் கூடும் என்றார். முன்பே பார்த்திருந்தால் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அந்த ஜூலையில் கன்னத்தில் இருந்ததை வெட்டி எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியது. இந்த மார்ச்சில் பியூலா இறந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.