நாடி அகப்படாத கை

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பெட்டி கட்டும் பகுதியைக் கவனிப்பவள் கற்பகவல்லி. வயது முப்பத்து மூன்று. லாரியில் லோடு ஏறும்போது அவள் குரல் கேட்டால் ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்குவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய இடது கை மக்கர் செய்யத் தொடங்கியது. கொண்டை போட்டு முடிப்பதற்குள் கை கடுத்துக் கனத்துவிடும். உடம்பு இளைத்தது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். நரம்புத் தளர்ச்சி என்று இன்னொருவர் ஊசி போட்டார்.

கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் நர்ஸ் பாண்டிலட்சுமி அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்த்தாள். மிஷினில் எதுவும் காட்டவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துத் தேடினாள். நாடியும் அகப்படவில்லை.

"மிஷின் கோளாறு போலக்கா."

"முப்பது பேருக்கு ஒழுங்காக் காட்டுன மிஷினு எனக்கு மட்டும் கோளாறாகுமா? வலது கையில பாரு தாயி."

நூற்று எழுபது காட்டியது. பாண்டிலட்சுமியின் முகம் மாறியது.

"அக்கா, மதுரைக்குப் போங்க. நாளைக் கடத்தாதீக."

மறுநாளே கணவன் அழகுராஜாவோடு பஸ் ஏறினாள். மதுரை மருத்துவர் இரண்டு மணிக்கட்டையும் ஒருசேரப் பிடித்துப் பார்த்தார். கழுத்தோரம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவு எகிறியிருந்தது. ஸ்கேனில் இடது கைக்குப் போகும் ரத்தக்குழாய் நூலாய்ச் சிறுத்திருந்தது.

"குழாயோட சுவரே வீங்கியிருக்கும்மா. ரத்தக்குழாய் அழற்சிங்கற இந்த வியாதியில பல வகை உண்டு. சிலது தோல்ல வரும், சிலது கிட்னியைப் பிடிக்கும். உங்களுக்குப் பெரிய குழாய்ல வந்திருக்கு. டகயாசுன்னு பேரு."

"கையை எடுத்துருவீகளா?"

"எதுக்கு? மாத்திரையில அடக்கலாம்."

ஸ்டீராய்டு மாத்திரையில் காய்ச்சல் விட்டது. ஆனால் முகம் உப்பியது. கல்யாண வீட்டில் நாலு பேர் கேலி பேசவும், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். பத்தே நாளில் எழுந்து நின்றாலே தலை சுற்றியது. தானாகவே மதுரைக்குப் போய் நின்றாள்.

"நாந்தான் நிறுத்துனேன், டாக்டர். தப்பு என்னுதுதான்."

"திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. நான்தான் படிப்படியாக் குறைப்பேன்" என்றார் அவர். ஸ்டீராய்டை மறுபடி தொடங்கி, வாரம் ஒருமுறை போடும் வேறொரு மாத்திரையையும் சேர்த்தார்.

இடது மணிக்கட்டில் நாடி இன்னும் திரும்பவில்லை. ஆனால் பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாக ரத்தம் பாய்ந்து கை தெளிந்துவிட்டது. ஸ்டீராய்டு அரை மாத்திரைக்கு இறங்கியிருக்கிறது. இந்தச் சீசனில் இன்னொரு பகுதியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னது கம்பெனி. அழகுராஜா தயங்கினான்.

"மாத்திரை தின்னுக்கிட்டு வேலை பாக்கக்கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு, முதல் ஆளாகக் கம்பெனி வேனில் ஏறினாள் கற்பகவல்லி.