நாலடி முன்னால் ஓடியவர்

பாப்பாரப்பட்டியைத் தாண்டி ஒரு மலையடிவாரத்தில் அந்தப் பந்தயம் நடந்தது. மணிக்கு ஒருமுறை விசில் அடிப்பார்கள். உடனே கிளம்பி, அடுத்த விசிலுக்குள் ஏழு கிலோமீட்டர் காட்டுப்பாதையைச் சுற்றி வர வேண்டும். மீதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். முடியாதவர் விலகிக்கொள்ளலாம். கடைசியில் மிஞ்சுகிறவர் தனியாக இன்னொரு சுற்று ஓடி முடித்தால்தான் வெற்றி.

காலை ஆறு மணிக்கு முப்பது பேர் கிளம்பினோம். மதியத்துக்குப் பிறகு நானும் மொரப்பூர்க்காரர் ஒருவரும்தான் மிச்சம். அவர் எனக்கு நாலடி முன்னால் ஓடுவார். கல் நிறைந்த இறக்கம் வந்ததும், திரும்பிப் பார்க்காமலே, "கல்லு உருளுதுங்க, பாத்து வாங்க" என்பார். ஒவ்வொரு சுற்றிலும் சொன்னார். நான் ஒருமுறைகூடப் பதில் பேசவில்லை. இந்த ஆளுக்குக் கால் எப்போது பிடித்துக்கொள்ளும் என்பதிலேயே இருந்தேன்.

மாலை ஐந்து மணி விசிலுக்கு அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"முட்டிய மடக்க முடியலைங்க. நீங்க போய்ட்டு வாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவும் அந்த இறக்கம் வரைதான். காலடியில் கல் உருண்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. என் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. நின்று, வாய்விட்டு, "சரிங்கண்ணா" என்றேன்.

ஓடி முடித்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.